முதல் மாதம் பசையைத் தொடாதீர்கள்: நூலகத்தில் ஆவணப் பேணல் குழுவை நடத்த வருகிறவருக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் எங்கள் பணிக்கூடம் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கீழே சாப்பாட்டுக் கடை. வந்த புதிதில் கடைக்காரர் என்ன வேலை என்று கேட்டார். "பல்கலைக்கழகத்தில் பாதுகாப்புக் குழுவின் தலைவர்" என்றேன். மறுநாள் காலை பசியாற உட்கார்ந்தபோது, கடையின் பின்கதவுப் பூட்டு சரியில்லை, கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா என்றார். அன்றிலிருந்து நான் 'பேணல்' என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறேன்.

நூலகமும் சிறப்புத் தொகுப்பின் கிடங்கும் வேறு ஊரில் இருக்கின்றன. பணிக்கூடம் மட்டும் இங்கே இருப்பதற்குக் காரணம் பூச்சி. ரப்பர்த் தோட்டத்து வீடுகளிலிருந்தும் கோயில் அறைகளிலிருந்தும் வருகிற பெட்டிகளில் இராமபாணம், கரையான், கரப்பான் முட்டை, பூஞ்சை எல்லாம் குடியிருக்கும். அவற்றை நேராகக் கிடங்குக்குள் விட்டால் ஏற்கெனவே நலமாக இருக்கும் ஆயிரம் நூல்களுக்கும் நோய் வரும். ஆகவே ஊரிலேயே வாங்கி, ஊரிலேயே சுத்தம் செய்து, பிறகு அனுப்புகிறோம். செக்ரோல் பேரேடுகள் (தோட்டத் தொழிலாளரின் வருகை, சம்பளப் பதிவுகள்), தமிழ்ப்பள்ளி வருகைப் பதிவுகள், கோயில் கணக்குகள், தொழிற்சங்க அட்டைகள், கல்யாணப் பத்திரிகைகள், கூட்டுறவுப் பங்குப் புத்தகங்கள், அபூர்வமாக ஓர் ஓலைச்சுவடிக் கட்டு. இவைதாம் எங்கள் கைக்கு வருபவை.

காகிதத்தை ஒட்டுவது எப்படி என்று சொல்லித்தரப் பயிற்சிகள் இருக்கின்றன. ஒட்டுகிற ஐந்து பேரை வைத்துக்கொண்டு ஓர் ஆண்டை ஓட்டுவது எப்படி என்று யாரும் சொல்லித்தருவதில்லை. புதிதாகப் பொறுப்பேற்கிறவருக்காக இதை எழுதுகிறேன்.

முதல் மாதம்: பார்ப்பது மட்டும்

நல்ல கைவேலைக்காரரைத்தான் பெரும்பாலும் தலைவராக்குகிறார்கள். அதனால் முதல் நாளே கை துறுதுறுக்கும். கிழிந்த பேரேடு ஒன்று மேசையில் கிடக்கும். அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம், ஆவணம் இருக்கும் அறைக்குள் பேனாவே வரக்கூடாது என்பதை முதல் நாளே விதியாக்கிவிடுங்கள்.

கட்டடத்தைக் கூரையிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். வெயிலில் பார்த்துப் பயனில்லை. இங்கே பிற்பகலில் வானம் கறுத்து மழை கொட்டுமே, அந்த நேரத்தில் குடையோடு வெளியே நின்று பாருங்கள். எந்தத் தூம்பு அடைத்துக்கொண்டு வழிகிறது, எந்தச் சுவர் வியர்க்கிறது, குளிரூட்டியின் கழிவுநீர்க் குழாய் எந்த அலமாரிக்கு மேலே போகிறது என்று வரைந்துகொள்ளுங்கள். பிறகு உள்ளே வந்து, தரையோடு ஒட்டி எத்தனை பெட்டிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை நீங்கள் மூன்று முறையாவது மேலிடத்தில் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்து ஈரப்பதம். நம் நாட்டில் வெளிக்காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 80 விழுக்காட்டைத் தாண்டும். அறைக்குள் 65 விழுக்காட்டுக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சை வருகிற வாய்ப்பு உண்டு. 70ஐத் தாண்டினால் வரத்தான் செய்யும். 50க்கும் 60க்கும் இடையே, அதிகம் ஏறி இறங்காமல் வைத்திருந்தால் போதும். வெப்பமும் ஈரமும் பதியும் சிறு கருவிகள் விலைக்குக் கிடைக்கின்றன. அறைக்கு ஒன்று, மூலைக்கு ஒன்று என்று வையுங்கள்.

நான் முன்பு பொறுப்பேற்ற ஒரு கிடங்கில் இந்தக் கருவியின் வரைபடம் இரம்பத்தின் பல்லைப் போல வந்தது. பகலில் கீழே, இரவில் மேலே. விசாரித்தால், மின்கட்டணத்தை மிச்சப்படுத்த மாலை ஐந்து மணிக்குக் குளிரூட்டியை அணைத்துவிடுகிறார்கள். குளிர்ந்த அறைக்குள் இரவெல்லாம் ஈரக்காற்று புகுந்து, குளிர்ந்த காகிதத்தின்மேல் படிகிறது. அதைவிடக் குளிரூட்டியே இல்லாமல் சன்னலைத் திறந்து வைப்பது தேவலை. மூன்று வாரம் வாதாடினேன். கடைசியில் சொல்லால் நடக்காததை அந்த வரைபடம் நடத்தியது. குளிரூட்டியை மட்டான அளவில் நாள் முழுவதும் ஓடவிட்டு, ஈரம் உறிஞ்சும் எந்திரம் இரண்டை வைத்தோம். அந்த ஆண்டு நாங்கள் ஒரு தாளையும் ஒட்டவில்லை. ஆனாலும் அந்தத் தொகுப்புக்கு அதைவிடப் பெரிய சிகிச்சை வேறு எந்த ஆண்டிலும் நடக்கவில்லை.

ஆள் சேர்த்தல்

சான்றிதழைப் பாருங்கள், அதோடு நிறுத்தாதீர்கள். எங்கள் குழுவில் ஐந்து பேர். வேதியியல் படித்த பெண் ஒருவர், ஈப்போவில் அச்சகத்தில் புத்தகம் கட்டிய பெரியவர் ஒருவர், பட்டியலும் மலாய், ஆங்கிலக் கடிதப் போக்குவரத்தும் பார்க்கும் மலாய் நண்பர் ஒருவர், நான். ஐந்தாவது ஆள் முப்பது ஆண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டிய அக்காள். அவரைச் சேர்த்தபோது நூலகத்தில் சிலர் முகம் சுளித்தார்கள்.

பால் வெட்டுகிறவர் ஒவ்வொரு வெட்டிலும் சீவுவது ஒன்றரை மில்லிமீட்டர் அளவுப் பட்டைதான். வெட்டு ஆழமாகப் போனால் மரத்தில் காயம் படும். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பிறகு அங்கே வெட்ட முடியாது. விடியுமுன் நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த அளவைக் கண்ணால் பார்க்காமலே கையால் உணர்ந்து நிறுத்திய ஆள் அவர். பேரேட்டின் முதுகிலிருந்து பழைய பசையைச் சுரண்டும் வேலையில் எங்கள் யாருக்கும் அவ்வளவு கட்டுப்பாடு இல்லை.

ஆகவே ஆள் எடுக்கும்போது நான் ஒரு சோதனை வைக்கிறேன். நாற்பது ஆண்டுப் பழைய, மதிப்பில்லாத நாளிதழ் ஒன்றைக் கொடுத்து, அதில் ஒட்டியிருக்கும் செல்லோ டேப்பை எடுக்கச் சொல்வேன். முழுவதும் எடுத்துவிட்டு வெற்றிப் புன்னகையோடு வருகிறவர் வேண்டாம். அவர் எடுத்த டேப்போடு எழுத்தும் வந்திருக்கும். பாதியில் நிறுத்தி, "இதற்கு மேலே இழுத்தால் தாள் வரும், என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறவரை மறுநாளே வரச் சொல்லுங்கள்.

பெட்டி வந்து இறங்கும் நாள்

பெட்டி கொண்டுவருகிறவரை வாசலிலேயே அனுப்பிவிடாதீர்கள். உட்காரவைத்துத் தேநீர் கொடுங்கள். யாருடைய பெட்டி, எந்தத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தது, எந்த ஆண்டு வெள்ளம் வந்தது, யார் மருந்து அடித்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாப்தலீன் உருண்டையா, வசம்பா, வேப்பிலையா, பூச்சிக்கொல்லித் தூளா என்பது முக்கியம். பழைய காலத்துத் தூள் சில, கையுறை இல்லாமல் தொட்டால் ஆளுக்கே கேடு.

கொடையா, இரவலா, படி எடுத்துத் திருப்பித் தருவதா என்பதைத் தமிழிலும் மலாயிலும் எழுதிய தாளில் கையெழுத்து வாங்குங்கள். மூடப்பட்ட பள்ளியின் பதிவேடோ அரசு முத்திரை விழுந்த கோப்போ இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். அரசு ஆவணங்களுக்கு 2003ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டம் இருக்கிறது. காப்பகத்தைக் கேட்காமல் அவற்றைத் தொகுப்பில் சேர்க்கக்கூடாது.

பிறகு தனிமை அறை. பெட்டியைத் திறந்து ஒளிப்படம் எடுத்து, தடித்த பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி இறுக மூடி, உறைபெட்டிக்குள் வைக்கிறோம். கழித்தல் 20 பாகை செல்சியஸ், இரண்டு வாரம். கடையில் விற்கும் உறைபெட்டி எல்லாம் அந்தக் குளிரைத் தொடுவதில்லை. உள்ளே வெப்பமானி ஒன்று போட்டுப் பாருங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக்கூடாது. அறை வெப்பத்துக்கு வர ஒரு நாள் முழுதும் விட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால், குளிர்ந்த கண்ணாடிக் குவளையின்மேல் நீர் பூப்பதுபோல, தாளின்மேல் நீர் பூக்கும். கண்ணாடி நெகட்டிவ், வண்ணம் தீட்டிய படம் போன்றவற்றை உறைபெட்டியில் வைக்கவே கூடாது. குளிர் பூச்சியைக் கொல்லும். பூஞ்சையைக் கொல்லாது, தூங்க மட்டும் வைக்கும் என்பதையும் குழுவுக்குச் சொல்லிவையுங்கள்.

எது முதலில்?

தலைவரின் வேலையில் பாதி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

1966ஆம் ஆண்டை நான் அடிக்கடி நினைப்பேன். அந்த ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அதே ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு கரை உடைத்து, தேசிய நூலகத்தின் அடித்தளத்துக்குள் சேறும் எண்ணெயுமாகப் புகுந்தது. பல நாடுகளிலிருந்து ஓடிவந்த நூல் கட்டுநர்கள் அந்தச் சேற்றில் நின்றுதான் இன்றைய பேணல் தொழிலின் அடிப்படைகளைக் கற்றார்கள். நூல்களோ இலட்சக்கணக்கில், தேர்ந்த கைகளோ கொஞ்சம். அங்கே வேலை செய்த பீட்டர் வாட்டர்ஸ் பின்னர் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்துக்குப் போய், கட்டம் கட்டமாகப் பேணும் முறையை வளர்த்தார். ஒரே நூலை முழுமையாகச் சீர்செய்து முடிக்குமுன், எல்லா நூலுக்கும் நல்ல அட்டையில் அளவெடுத்துச் செய்த ஒரு பெட்டியாவது கொடுத்துவிடுவது. சிகிச்சை பிறகு, ஆண்டுக்கணக்கில், வரிசைப்படி.

எங்கள் நடைமுறையும் அதுவே. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தாள்: என்ன, என்ன நிலை, யார் கேட்பார்கள், விட்டால் என்ன ஆகும். பூஞ்சை உயிரோடு இருப்பது, தொட்டால் உதிர்வது, புளித்த காடி வாடை வீசும் படச்சுருள் ஆகியவை முதல் வரிசை. காடி வாடை வந்தால் அசிட்டேட் சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். பக்கத்தில் உள்ள சுருளையும் அது கெடுக்கும், உடனே பிரித்து வையுங்கள். இரண்டாவது வரிசை, படிக்கக் கேட்பவர் இருந்தும் பிரித்தால் கிழியக்கூடியவை. மற்றவை பெட்டிக்குள் போய் உறங்கலாம்.

இந்த ஊருக்கே உரிய ஒரு நெருக்கடி உண்டு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிராக அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீண்டது. ஆகவே ஆய்வாளர் யார் வந்தாலும் 1948ஆம் ஆண்டுத் தாள் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். மேலிடமும் அதை முதலில் செய் என்று சொல்லும். எங்களிடம் இருக்கும் அந்த ஆண்டுப் பேரேடோ கந்தல் துணிக் கூழில் செய்த நல்ல காகிதத்தில் எழுதியது. இன்னும் நூறு ஆண்டு அது அசையாது. பக்கத்தில் 1970களின் தொழிற்சங்கச் சுற்றறிக்கை, மட்டமான மரக்கூழ்த் தாளில் தட்டச்சு செய்தது, அப்பளம்போல நொறுங்குகிறது. எதைக் கேட்கிறார்கள் என்பது வேறு, எது சாகிறது என்பது வேறு. அந்த வேறுபாட்டைப் பொறுமையாக, ஒவ்வொரு முறையும், முகம் சுளிக்காமல் விளக்க வேண்டியவர் நீங்கள்.

கை வைக்கும்போது

முதலில் தூசி. மென்மையான தூரிகை, நுண்வடிகட்டி பொருத்திய உறிஞ்சி, முகக்கவசம். தாளுக்குச் சுத்தமாகக் கழுவி உலர்த்திய கையே போதும். பருத்திக் கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு போய் ஓரம் கிழியும். நிழற்படத்துக்கு மட்டும் நைட்ரைல் கையுறை.

அடுத்து, தோட்டத்துப் பெட்டிகளுக்கே உரிய வேடிக்கை: ரப்பர் வளையம். பால் வெட்டிப் பிழைத்தவர்களின் சம்பளக் கணக்கை அந்தப் பாலில் செய்த வளையமே தின்கிறது. முதலில் இளகித் தாளோடு ஒட்டும், பிறகு இறுகிப் பழுப்புக் கறையாக ஊறும். அதிலுள்ள கந்தகம் நிழற்படத்தின் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். இறுகியிருந்தால் மெல்லிய கத்தியால் துணுக்கு துணுக்காகத் தட்டி எடுக்கலாம். பிசுபிசுப்பாக இருந்தால் சற்றுக் குளிரவைத்து, இறுகியபின் எடுங்கள். இழுக்கவே இழுக்காதீர்கள். புதிதாகக் கட்டப் பருத்தி நாடா. ரப்பர் வளையம் எங்கள் பணிக்கூடத்துக்குள் சோற்றுப் பொட்டலத்தோடு வந்தாலும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும்.

ஈரம் படும் எந்த வேலைக்கும் முன்னால், தாளில் உள்ள ஒவ்வொரு மையையும் சோதியுங்கள். தோட்டத்துக் கணக்கர்களான கிராணிமார் பயன்படுத்திய மைப்பென்சில் எழுத்து பார்க்கச் சாதாரணப் பென்சிலைப் போலச் சாம்பலாக இருக்கும். ஒரு சொட்டு நீர் பட்டால் ஊதாவாக வெடித்துப் பரவும். பழைய இரும்பு மை வேறு வகை. நீர் பட்டால் அதிலுள்ள இரும்பு நகர்ந்து பக்கத்துத் தாளையும் அரிக்கும்.

இதையெல்லாம் குழுவுக்குப் பாடம் எடுத்த நானே ஒரு முறை சறுக்கினேன். ஒரு கோயில் கணக்குப் புத்தகம். ஒவ்வோர் ஆண்டும் சரஸ்வதி பூசையன்று அதன் முதல் பக்க மூலையில் மஞ்சள் வைத்திருக்கிறார்கள். கண்காட்சி நெருங்கியது. தாளின் அமிலத்தைக் குறைக்கச் சுண்ணாம்பு நீர் கலந்த கரைசலைத் தூரிகையில் தொட்டேன். மையைச் சோதித்திருந்தேன், மஞ்சளைச் சோதிக்கவில்லை. மூலையில் ஒரு சொட்டு விழுந்தது. நொடியில் இரத்தச் சிவப்பு. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன நிறம் வரும் என்பது ஐந்து வயதிலேயே தெரிந்தவன் நான்! காய்ந்தபின் அது பழுப்பாகி நின்றது. சரிசெய்கிறேன் என்று அடுத்த சொட்டு எதையும் விடவில்லை. படம் எடுத்து, தேதியும் காரணமும் எழுதி, என் கையெழுத்தைப் போட்டு, குழுவை அழைத்துக் காட்டினேன். பிறகு புத்தகத்தைக் கொடுத்த அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "என் மாமியார் வைத்த பொட்டுக்குப் பக்கத்தில் நீங்களும் ஒரு பொட்டு வைத்துவிட்டீர்கள், ஐயா" என்றார்.

அந்த நாளுக்குப் பிறகு எங்கள் நிலைத் தாளில் 'அழுக்கு' என்ற சொல்லே இல்லை. மஞ்சள், குங்குமம், திருநீறு, கற்பூரப் புகை, வெற்றிலைச் சாறு என்று எதுவோ அதையே எழுதுகிறோம். கடிதத்தின் மூலையில் மஞ்சள் இருந்தால் மங்கலச் செய்தி. ஓரத்தில் கறுப்பு இருந்தால் சாவுச் செய்தி. துடைத்துவிட்டால் செய்தியில் பாதி போய்விடும்.

பசையைப் பற்றிக் கொஞ்சம். மைதாவைக் காய்ச்சினால் இராமபாணத்துக்கு விருந்து வைத்ததாகும். பசைப்புரதம் நீக்கிய கோதுமை மாவுச்சத்தைக் காய்ச்சி, சல்லடையில் இரண்டு முறை தேய்த்து, நீர்த்துப் பயன்படுத்துங்கள். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் (செம்புச் சல்பேட்டு) கலப்பது பழைய கட்டுநர்களின் வழக்கம். எங்கள் பெரியவரும் அதைத்தான் செய்துவந்தார். செம்பு காகிதத்தை உள்ளிருந்தே சிதைக்கும் என்று வேதியியல் பெண் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. நான் நடுவில் புகவில்லை. அவரே நாற்பது ஆண்டுக்கு முன் கட்டிய ஒரு புத்தகத்தை இருவருமாகப் பிரித்துப் பார்த்தார்கள். முதுகோரம் பழுத்து ஒடிந்தது. மறுநாள் துத்த டப்பாவை அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார். கிழிசலுக்கு ஜப்பானியக் கோசோத் தாள், மரப்பட்டை நாரில் செய்தது. வெட்டாமல் ஈரக்கோடு போட்டுக் கிழித்தால் ஓரத்தில் நார் நீண்டு நின்று நன்றாகப் பிடிக்கும்.

மேலிடம்

சுருக்கமாகச் சொல்கிறேன். பிளாஸ்டிக் உறை சூடாக்கி ஒட்டிவிடலாமே என்பார்கள். முடியாது என்று சொல்லுங்கள், பிரிக்க முடியாத எதையும் செய்வதில்லை என்பது தொழில் விதி. கண்காட்சிக்கு ஓராண்டு வேண்டும் என்பார்கள். தாளுக்கு 50 லக்ஸ் வெளிச்சம், மூன்று மாதம், அதற்குமேல் நகலை வையுங்கள். பணம் கேட்கும்போது எந்திரத்தைக் கேட்காமல் பெட்டியைக் கேளுங்கள். "இந்த ஆண்டு 400 பொருள் பெட்டிக்குள் போனது" என்பது நிதிக் குழுவுக்குப் புரிகிற மொழி.

தண்ணீர் வந்தால்

2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் வந்த வெள்ளம் நமக்கு மறக்காது. நனைந்த தாளில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை எட்டிப்பார்க்கும். அதற்குள் காற்றில் உலர்த்தி முடிக்க வேண்டும். முடியாததை உறைய வைத்துவிட்டால் நேரம் நின்றுவிடும், பிறகு நிதானமாக உலர்த்தலாம். பளபளப்புத் தாள் கொண்ட நூல்கள் முதலில். காய்ந்தால் பக்கங்கள் கல்லாக ஒட்டிக்கொள்ளும்.

கதவுக்குப் பின்னால் ஒரு தாள் தொங்க வேண்டும்: முதலில் தூக்க வேண்டிய இருபது பெட்டிகளின் எண், மின் முதன்மை இணைப்பு எங்கே, யாரை அழைப்பது. ஆண்டுக்கு ஒரு முறை பழைய தொலைபேசிப் புத்தகங்களைத் தொட்டியில் ஊறவைத்து, ஐந்து பேரும் நேரம் பார்த்து எடுத்து அடுக்கிப் பழகுங்கள். முதல் தடவை எல்லாரும் ஒரே கதவில் முட்டிக்கொள்வார்கள்.

எங்கள் உறைபெட்டி சிறியது. பெரிய அளவில் நனைந்தால் சந்தையில் மீன் மொத்த வியாபாரியின் குளிர் அறையில் இடம் தருவதாக ஏற்பாடு. தீபாவளிக்கு முறுக்கும் சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சும் கொண்டுபோய்க் கொடுத்து அந்த ஏற்பாட்டை உயிரோடு வைத்திருக்கிறோம். போன ஒத்திகையில் அவரை அழைத்தபோது வேறு யாரோ எடுத்தார்கள். அவர் எண்ணை மாற்றி எட்டு மாதம் ஆகியிருந்தது. இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை, பட்டியலில் உள்ள எல்லா எண்களையும் அக்காள் ஒருமுறை அழைத்துப் பார்த்து, தாளின் ஓரத்தில் பென்சிலால் தேதி போடுகிறார்.